ஆராய்ச்சிக் கப்பலுக்கு ஃபிரேம் செய்து கொடுத்த அனுபவம்: சிறு பட்டறைக்காரர்கள் படிக்க வேண்டியது

எங்கள் பட்டறை சேலம் சூரமங்கலம் பக்கம் இருக்கிறது. அப்பா தொடங்கியது. பால் குளிரூட்டும் தொட்டி, சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கான மாவுத் தொட்டி, ஓட்டல் சமையலறை மேசை என்று எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை. அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. போன வருடம் சென்னையில் ஒரு தனியார் கம்பெனி, கடல் ஆராய்ச்சிக் கப்பலில் கருவிகளை மாட்டி இறக்குகிற ஒரு ஃபிரேமும், அது உட்காரும் பீடமும், ஆய்வக மேசைகள் சிலவும் செய்து தர முடியுமா என்று கேட்டது. பதினொன்றரை லட்சம் ரூபாய் ஆர்டர், ஜிஎஸ்டி தனி. வேலையைப் பொறுத்தவரை குறையில்லை. ஃபிரேம் இப்போதும் கடலில் இறங்கி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒண்ணே முக்கால் லட்சம் லாபம் நிற்கும் என்று போட்ட கணக்கு, கடைசியில் கையிலிருந்து நாற்பதாயிரம் போனதாக முடிந்தது. இடையில் தூக்கம் இல்லாத மாதங்கள் வேறு. இந்த மாதிரி வேலை எடுத்த யாரையாவது விசாரிக்கலாம் என்று தேடியபோது சேலத்தில் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கம்பெனி எது, கப்பல் எது என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சிடிடி என்று ஒரு கருவி. கடல்நீரின் மின்கடத்துத்திறன், வெப்பம், ஆழம் மூன்றையும் அளக்கும். மின்கடத்துத்திறனை வைத்து உப்பு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். இந்தக் கருவியை ஒரு வட்டமான ஃபிரேமின் அடியில் மாட்டி, சுற்றிலும் 12 அல்லது 24 பிளாஸ்டிக் குழாய்களை நிறுத்துவார்கள். நிஸ்கின் பாட்டில் என்று பெயர். இரண்டு முனையும் திறந்தபடி கீழே போகும். மேலே ஏற்றும்போது எந்த ஆழத்துத் தண்ணீர் வேண்டுமோ அங்கே நிறுத்தி, கப்பலிலிருந்து கம்பி வழியாகச் சமிக்ஞை கொடுத்தால் பாட்டில் மூடிக்கொள்ளும். கூடவே ஆக்சிஜன் உணரி, நீரோட்டத்தை அளக்கும் கருவி, தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் கருவி என்று ஆளுக்கொன்று மாட்டுவார்கள். இதையெல்லாம் ஒவ்வொரு விஞ்ஞானியும் தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் கப்பலிலேயே பொதுவாக வைத்துவிடுகிறார்கள். சாகர் கன்யா, சாகர் நிதி போன்ற நம் கப்பல்களில் ஒரே பயணத்தில் பல நிறுவனங்களிலிருந்து ஆட்கள் ஏறுவார்கள். ஒரு குழு வேதியியல் பார்க்கும், இன்னொன்று மீன் முட்டை தேடும், மற்றொன்று நீரோட்டம் பார்க்கும். எல்லாருக்கும் இறங்குவது அந்த ஒரே ஃபிரேம்தான்.

செலவு மிச்சப்படுத்த நல்ல ஏற்பாடு. செய்து கொடுக்கிறவருக்குத்தான் கஷ்டம். ஊர்க் கோயில் அண்டா மாதிரி: எல்லா வீட்டு விசேஷத்துக்கும் போகும், ஈயம் பூச வேண்டும் என்றால் யாரிடம் காசு கேட்பது என்று தெரியாது. எனக்கு ஆர்டர் கொடுத்தது சென்னைக் கம்பெனி. அவர்களுக்கு ஆர்டர் கொடுத்தது ஒரு நிறுவனம். கப்பலை ஓட்டுவது வேறு ஆட்கள். கருவிகளைப் பராமரிப்பது கப்பலில் இருக்கிற டெக்னீஷியன்கள். பயன்படுத்துவது ஐந்தாறு ஆய்வுக் குழுக்கள். இவர்கள் எல்லாரும் என் ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் பேசினார்கள், மரியாதையாகவே பேசினார்கள். டிராயிங்கில் கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும் ஒருவரும் இல்லை.

டிராயிங் வந்தபோதே அதில் ஒப்புதல் கட்டம் காலி. கம்பெனியில் கேட்டேன். "வேலையை ஆரம்பிங்க மேடம், கப்பல் கிளம்புற தேதி நெருங்குது, பேப்பர் பின்னாடி வரும்" என்றார்கள். நான் இரும்பு வெட்டவில்லை. டிராயிங்கில் எனக்குச் சந்தேகம் இருந்த ஒவ்வொரு இடத்தையும் எண் போட்டு மெயிலில் எழுதி, பதில் வந்த பிறகே வேலை தொடங்கினேன். கம்பெனிக்காரர் எரிச்சல்பட்டார். அந்த ஒரு மெயில்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. ஃபோனில் எது சொன்னாலும், "நீங்கள் இன்று சொன்னபடி இப்படிச் செய்கிறேன், மாற்றம் இருந்தால் நாளைக்குள் தெரிவிக்கவும்" என்று அன்று மாலையே ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள். வாட்ஸ்ஆப் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் ஆள் மாறினால் அந்த உரையாடலும் அவரோடு போய்விடும். எனக்கு ஆள் மாறத்தான் செய்தார்.

அடுத்தது இரும்பு. டிராயிங்கில் கேட்டிருந்தது 316எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நாம் தினமும் புழங்குவது 304. பாலுக்கு அது போதும், கடலுக்குப் போதாது. உப்புநீரில் இருக்கும் குளோரைடு 304-இல் ஊசி குத்தினாற்போல் குழி போடும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பதால் கொஞ்சம் தாங்கும். 'எல்' என்றால் கார்பன் 0.03 சதவீதத்துக்குள். வெல்டிங் ஓரத்தில் அரிப்பு வராமல் இருக்க அது முக்கியம். விலை 304-ஐப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலையே இருக்கிறது, உங்களுக்கு என்ன கவலை என்று சென்னையில் கேட்டார்கள். அங்கே வருவது தகடும் சுருளும். எனக்கு வேண்டியது பைப்பும் ராடும். அதை வெளியிலிருந்துதான் வரவழைத்தேன். வந்த ராடில் ஒரு கட்டு சந்தேகமாகப் பட்டது. மாலிப்டினம் பார்க்கிற சொட்டு மருந்துக் கிட் கடையில் கிடைக்கும். ஒரு சொட்டு விட்டு பேட்டரி முனையை வைத்தால் நிறம் மாற வேண்டும். அந்தக் கட்டில் மாறவில்லை. பில்லில் 316எல், வந்தது 304. சப்ளையர் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் போனது. மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் (ஆலை தரும் தரச் சான்று) இருக்கும் ஹீட் நம்பரும் (எந்த முறை உருக்கிய உலோகம் என்று காட்டும் எண்) ராடில் அச்சடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள், ஃபோட்டோ எடுத்து வையுங்கள். வெட்டிய பிறகு நம்பர் இருக்கிற துண்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த விஷயம். ஃபிரேம் பைப்பில் செய்வது. பால் தொட்டி வேலையில் கால் பைப்பு திறந்திருந்தால் உள்ளே பால் போய்க் கெட்டு நாறும். அதனால் இரண்டு முனையையும் தகடு வைத்து ஆர்கான் வெல்டிங் அடித்து அடைத்துவிடுவோம். அதுதான் சுத்தமான வேலை. எங்கள் மேஸ்திரி மாமா அப்பா காலத்து ஆள், அந்த வெல்டிங்கில் ஒரு ஊசி ஓட்டை இருந்தால்கூடத் திரும்ப அடிப்பார். டிராயிங்கில் இதைப்பற்றி ஒன்றுமே இல்லை. அவர் வழக்கம்போல் அடைக்கப் போனார். அன்றைக்கு நான் சென்னையிலிருந்து பேசிய ஒரு கடல் வேதியியல் மேடத்திடம் வேறு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் "எவ்வளவு ஆழம் போகும் மேடம்?" என்று கேட்டேன். "நாலாயிரம் மீட்டர் சாதாரணமா போகும்" என்றார். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நாலாயிரம் மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 400 கிலோ. மூடிய பைப்புக்குள் நம் பட்டறைக் காற்று மட்டும்தான் இருக்கும். மெல்லிய பைப்பு நசுங்கிவிடும். நசுங்காமல் ஊசி ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் இன்னும் மோசம்: மேலே வரும்போது வெளியே அழுத்தம் குறைந்துவிடும், உள்ளே அடைபட்டது வேகமாக வெளியேற வழியில்லை. அந்த உப்புநீர் அப்படியே தங்கி உள்ளிருந்து அரிக்கவும் செய்யும்.

மாமாவிடம் சொன்னேன், ஓட்டை போட வேண்டும் என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கண்ணு, முப்பத்தஞ்சு வருசமா ஓட்டைய அடைச்சுத்தான் சம்பளம் வாங்குனேன். இப்பப் போயி நல்ல பைப்புல ஓட்ட போடச் சொல்றியே" என்றார். அழுத்தக் கணக்கைச் சாக்பீஸில் தரையில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பன்னா ஒவ்வொரு பைப்புலயும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வேணும். ஒரு ஓட்டைல தண்ணியும் காத்தும் சேர்ந்து போகாது" என்று அவரே சொன்னார். அது எனக்குத் தோன்றவே இல்லை. எந்த ஓட்டை சரியாக அடிமட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க, ஏற்காடு அடிவாரத்தில் என் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றுக்கு ஃபிரேமைக் கொண்டுபோய்ச் செயின் பிளாக்கில் கட்டி இறக்கினோம். ஊரே வேடிக்கை பார்த்தது. மேலே எடுத்து ஓரமாக நிறுத்தினால், ஒரு குறுக்குப் பைப்பில் மட்டும் தண்ணீர் தங்கியது; வெல்டிங் பூச்சு ஓட்டைக்குக் கீழே ஒரு சின்ன வரப்பு போல் நின்றிருக்கிறது. இடம் மாற்றி இன்னொரு ஓட்டை போட்டோம். இந்த வேலை எடுக்கிற யாராக இருந்தாலும் கிணறோ தொட்டியோ தேடி ஒரு முறை முக்கி எடுத்துப் பார்த்துவிடுங்கள். காகிதத்தில் இது தெரியாது.

இதற்குள் ஆய்வுக் குழுக்களின் அழைப்புகள் வர ஆரம்பித்திருந்தன. ஒருவர் தன் கருவிக்கு ஒரு கிளாம்ப் கேட்டார். அவருடைய கருவியின் உடல் டைட்டானியம். இன்னொருவருடையது அலுமினியம். வெவ்வேறு உலோகம் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி. ஒன்று இன்னொன்றைத் தின்னும். ஸ்டெயின்லெஸ் ஃபிரேமில் அலுமினியத்தை நேரடியாக மாட்டினால் அலுமினியம் கரையும். டைட்டானியத்தை மாட்டினால் ஃபிரேமுக்கு ஆபத்து. அதனால் ஒவ்வொரு கிளாம்ப்புக்கும் நடுவில் டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் புஷ் கடைந்து போட வேண்டும், போல்ட்டுக்கும் சேர்த்து. இது சின்ன வேலை என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு கிளாம்ப் சின்ன வேலைதான்.

அப்புறம் துத்தநாகச் சண்டை. கப்பலின் டெக்னீஷியன் ஒருவர், ஃபிரேம் அரிக்காமல் இருக்கத் துத்தநாகக் கட்டி மாட்டச் சொன்னார். கப்பல்களின் அடிப்பகுதியில்கூட மாட்டுவார்கள்; இரும்புக்குப் பதிலாக அது கரைந்துபோகும். சரி என்று வாங்கி வைத்தேன். மறுநாள் வேறொரு குழுவிலிருந்து பதற்றமாக ஃபோன். அவர்கள் கடல்நீரில் இருக்கும் துத்தநாகம், இரும்பு போன்றவற்றை மிக நுண்ணிய அளவில் அளக்கிறவர்கள். பக்கத்திலேயே துத்தநாகம் கரைந்துகொண்டிருந்தால் அவர்கள் அளப்பது கடலையா, என் கட்டியையா? நியாயமான கேள்வி. இதற்காகவே தனி ஃபிரேம், உலோகம் படாத கயிறு, தனி பாட்டில் எல்லாம் உலகத்தில் பயன்படுத்துகிறார்கள் என்றும், இங்கே அது கிடைக்கும்வரை இதைத்தான் சமாளிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். இரண்டு பேரும் என்னிடமே முறையிட்டார்கள். இரண்டு பேரையும் ஒரே மெயிலில் போட்டு, கம்பெனியையும் சேர்த்து, "முடிவை எழுத்தில் சொல்லுங்கள்" என்று எழுதினேன். ஒரு வாரம் பதில் இல்லை. கடைசியில் நானே, கட்டியைக் கழற்றி மாட்டுகிற மாதிரி நாலு போல்ட்டில் ஒரு தாங்கி வைத்துத் தருகிறேன், வேண்டியவர்கள் மாட்டட்டும், வேண்டாதவர்கள் பயணத்துக்கு முன் கழற்றட்டும் என்று யோசனை சொன்னேன். உடனே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பொதுக் கருவி வேலையில் முடிவெடுக்கச் சொல்லிக் காத்திருப்பதைவிட, கழற்றி மாட்டக்கூடிய மாதிரி செய்து கொடுப்பது சுலபம். ஆனால் அந்தத் தாங்கிக்கும் கிளாம்ப்புகளுக்கும் சேர்த்து 95,000 ரூபாய் ஆனது. ஆர்டரில் அது இல்லை. திருத்த ஆர்டர் கேட்டேன், "ஃபைனல் பில்லில் சேர்த்துக்கலாம்" என்றார்கள். நாற்பதாயிரம்தான் வந்தது. டிராயிங்கைத் திரும்பத் திரும்ப மாற்றி வரைந்த கூலி ஏறக்குறைய முப்பதாயிரம், அது யாருடைய கணக்கிலும் வரவில்லை. அடுத்த முறை கொட்டேஷனிலேயே "கூடுதல் கிளாம்ப் ஒன்றுக்கு இவ்வளவு, டிராயிங் திருத்தம் ஒன்றுக்கு இவ்வளவு" என்று விலைப்பட்டியல் போட்டுவிடுவேன். விலை தெரிந்தால் பாதி மாற்றங்கள் தானாக நின்றுவிடும்.

வெல்டிங் முடிந்ததும் அந்த நீல, பழுப்பு நிறக் கறையை ஆசிட் பேஸ்ட் போட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். சாதா இரும்புக்குப் பயன்படுத்திய கிரைண்டிங் கல்லை இதில் வைக்கவே கூடாது. அதன் தூள் ஒட்டி, ஒரே வாரத்தில் செம்புள்ளி வரும். நைட்ரிக் ஆசிட் நம் ஊரில் வெள்ளிப் பட்டறைகள் புண்ணியத்தில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளோரிக்கும் இருக்கிறது. அது தோலில் பட்டால் முதலில் வலிக்காமல் உள்ளே இறங்கி எலும்புவரை போகும். சாதா ரப்பர் கையுறையை நம்பாதீர்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தூக்கிப் பார்க்கும் சோதனையைப் பற்றி. 24 பாட்டில், ஒவ்வொன்றும் 10 லிட்டர். தண்ணீருக்குள் இருக்கும்போது அந்தத் தண்ணீரின் எடை தெரியாது. மேலே எடுக்கும் நேரத்தில் 240 லிட்டர் கடல்நீர், கிட்டத்தட்ட 246 கிலோ, ஃபிரேம் எடையோடும் கருவிகளின் எடையோடும் சேர்ந்து ஒரே கொக்கியில் தொங்கும். கப்பல் அலையில் ஆடும்போது வெடுக்கென்று இழுக்கும் விசை அதற்கு மேல். நாங்கள் பட்டறையில் 50 கிலோ சிமெண்ட் மூட்டைகளை அடுக்கித் தூக்கி நிறுத்தி வீடியோ எடுத்து அனுப்பினோம். நன்றாக இருக்கிறது என்றார்கள். டெலிவரிக்கு முந்தின வாரம்தான், துறைமுகத்தில் தூக்கும் சாமானுக்குத் தகுதி பெற்ற ஆய்வாளரின் சோதனைச் சான்று வேண்டும் என்று சொன்னார்கள். அவசரத்துக்கு ஆள் பிடித்ததிலும் உலோகச் சோதனையிலும் சேர்த்து இருபத்தெட்டாயிரம். என்னென்ன சான்று வேண்டும் என்று கொட்டேஷன் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கேட்டு, அதற்கும் விலை போடுங்கள்.

சென்னைக்கு 340 கிலோமீட்டர். லாரியைவிட ஆட்களுக்குத்தான் முன்னேற்பாடு வேண்டும். துறைமுகத்துக்குள் போக டிரைவருக்கும் ஃபிட்டருக்கும் வண்டிக்கும் தனித்தனி அனுமதிச்சீட்டு. ஆதார், வண்டி காகிதம், இன்சூரன்ஸ் எல்லாம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஹெல்மெட், ஷூ, ஒளிரும் ஜாக்கெட் இல்லாமல் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். இதையெல்லாம் செய்துவிட்டுப் போய் நின்றால், கப்பல் நிற்க வேண்டிய இடத்தைச் சரக்குக் கப்பல் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள், ஆராய்ச்சிக் கப்பல் வெளியே நங்கூரத்தில் நிற்கிறது. எப்போது உள்ளே வரும்? தெரியாது. லாரி காத்து நின்றதற்கு ஹால்டிங் கட்டணம், பிறகு கிரேன், எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரம். ஆட்கள் தங்கிய செலவு பன்னிரண்டாயிரம். "துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடம் வரை டெலிவரி" என்று ஆர்டரில் இருந்தால் எடுக்காதீர்கள். கம்பெனியின் சென்னை குடோன் வரை டெலிவரி என்று போடுங்கள். கடலுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நடப்பது நம் கையில் இல்லை.

ஒரு வழியாக மேலே ஏற்றினால், பீடம் தளத்தில் உட்காரவில்லை. கப்பல் தளத்தில் வரிசையாக மரையிட்ட குழிகள் இருக்கும். எந்தக் கருவியையும் எந்தப் பயணத்துக்கும் கொண்டுவந்து போல்ட் போட்டு நிறுத்தி, பிறகு கழற்றிக்கொண்டு போகலாம். பொதுக் கருவி ஏற்பாட்டின் உயிரே அந்தக் குழிகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக் கப்பல்களில் 1 அங்குலப் போல்ட், 2 அடி இடைவெளி என்பது வழக்கம். இந்தக் கப்பலிலும் அப்படித்தான் இருந்தது. 2 அடி என்றால் 609.6 மில்லிமீட்டர். எனக்கு வந்த டிராயிங்கில் 600. ஒன்பதரை மில்லிமீட்டர் வித்தியாசம்; 27 மில்லிமீட்டர் ஓட்டையில் 25.4 போல்ட் போட்டால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் விளையாட்டு. போதாக்குறைக்கு மரையும் வேறு. அங்குலப் போல்ட் என்றால் நம் கடைகளில் பிஎஸ்டபிள்யூ என்ற பிரிட்டிஷ் மரை எடுத்துக் கொடுப்பார்கள். தளத்தில் இருந்தது யுஎன்சி என்ற அமெரிக்க மரை. 1 அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 8 மரைதான், கோணம் மட்டும் 55 டிகிரி, 60 டிகிரி. அதனால் சில சுற்று நன்றாகப் போகும், அப்புறம் கடிக்கும். பலமாகத் திருகினால் தளத்துக் குழியே கெட்டுவிடும்.

அந்த இடத்திலேயே கிரைண்டர் போட்டு ஓட்டையை நீளமாக்கலாம் என்றால், கப்பலில் தீப்பொறி பறக்கும் எந்த வேலைக்கும் கேப்டன் அனுமதி, தீயணைப்புக் கருவியோடு ஒரு ஆள் காவல். அன்றைக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தார்கள், கேட்கவே முடியவில்லை. பீடத்தை இறக்கி ராயபுரத்தில் ஒரு பட்டறையில் ஓட்டைகளை நீட்டி, பிராட்வேயில் அலைந்து யுஎன்சி போல்ட் வாங்கி மறுபடி ஏற்றினோம். கம்பெனி என் மேல் பழியைப் போட்டு, முப்பத்திரண்டாயிரம் செலவும் தாமத அபராதமும் பிடிக்கப் பார்த்தது. நான் பழைய மெயிலை எடுத்து அனுப்பினேன். "கேள்வி 7: போல்ட் இடைவெளி 600 மில்லிமீட்டரா, 2 அடியா? கேள்வி 8: மரை எந்த வகை?" கீழே அவர்களுடைய பதில், 600, பிஎஸ்டபிள்யூ. அதோடு அந்தப் பேச்சு நின்றது, முப்பத்திரண்டாயிரமும் வந்தது. கப்பல் வேலை எடுத்தால் தளத்தை நேரில் போய் டேப் வைத்து அளந்துவிட்டு வருவதுதான் உத்தமம். முடியாவிட்டால் ஒரு மாதிரி போல்ட்டை அனுப்பச் சொல்லுங்கள்.

பணம். முப்பது சதவீதம் முன்பணமாக வந்தது. ஆர்டர் தொகையில் பத்து சதவீதம் ரிடென்ஷன், அதாவது வாரண்டி முடியும்வரை அவர்கள் பிடித்து வைக்கும் பணம். மற்றது "ஏற்புச் சான்று கிடைத்த பின்" என்று ஆர்டரில் இருந்தது. ஏற்புச் சான்று எப்போது? கடல் சோதனை முடிந்ததும். கடல் சோதனை எப்போது? கப்பல் போய்விட்டு வந்ததும். கப்பல் போனது. வந்தது. சான்றில் யார் கையெழுத்துப் போடுவது என்று அங்கே பேச்சு. பயன்படுத்தியவர்கள், சொத்து எங்களுடையது இல்லை என்றார்கள். சொத்துக்காரர்கள், நாங்கள் பயன்படுத்தவில்லை என்றார்கள். சென்னைக் கம்பெனி, எங்களுக்கு வந்தால்தான் உங்களுக்கு என்றது. ஜிஎஸ்டிக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. பில் போட்டாயா, அடுத்த மாதம் கட்டு. 2,07,000 ரூபாய் வரியில் இரும்பு வாங்கியபோது கட்டியதைக் கழித்தும் கையிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினேன். ஓவர்டிராஃப்ட் வட்டி மாதா மாதம் ஏறி, கடைசியில் அறுபதாயிரத்தைத் தொட்டது. அந்தச் சமயத்தில் அப்பாவிடம் கணக்கைக் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறேன். மாமாவுக்கும் பையன்களுக்கும் சம்பளம் மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளவில்லை, அதற்கு என் வளையல்கள் வங்கிக்குப் போயின.

ஆடிட்டர்தான் வழி சொன்னார். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள சிறு நிறுவனத்துக்கு, 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, பணத்தை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. சரக்கு கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏற்புச் சான்று என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் போடலாம்; அதை விசாரிக்கும் கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் 75 சதவீதம் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஆனால் புகாரைவிட வேகமாக வேலை செய்தது வருமான வரிச் சட்டம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43பி(ஹெச்) என்ற பிரிவு, 2023-24 நிதியாண்டில் நடைமுறைக்கு வந்தது: சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்டலாம். மார்ச் முடிவதற்குள் கொடுக்காவிட்டால் அந்தத் தொகைக்கும் சேர்த்து அவர் வரி கட்ட வேண்டும். பிப்ரவரி கடைசியில் உத்யம் சான்று, கையெழுத்திட்ட டெலிவரி சலான், இந்தப் பிரிவு மூன்றையும் இணைத்து, கம்பெனி மேலாளருக்கு இல்லை, அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் அனுப்பச் சொன்னார். மாதக்கணக்கில் எடுக்காத ஃபோன் அவர்களே செய்தார்கள். மார்ச் மூன்றாம் வாரம் பணம் வந்தது. வட்டி கேட்கவில்லை. கேட்கலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன், அடுத்த வேலை கொடுக்க மாட்டார்கள் என்ற பயம்தான். இரண்டு விஷயம்: ஆர்டர் வாங்கும் முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும், பில்லில் அந்த எண்ணை அச்சடிக்க வேண்டும். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் சாமானை இறக்கக் கூடாது. எனக்குக் கப்பல் தளத்தில் நின்ற ஒரு டெக்னீஷியன் பையன் போட்ட கையெழுத்துதான் அவ்வளவு பெரிய துருப்பாக ஆனது.

ரிடென்ஷன் 1,15,000 ரூபாய் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, வாரண்டி முடிந்து தருவார்கள். அதற்குப் பதில் வங்கி உத்தரவாதம் கொடுத்தால் இப்போதே விடுவிப்பார்களாம். இதை ஆர்டர் பேசும்போதே கேட்டிருக்கலாம் என்று ஆடிட்டர் சொன்னார். வங்கியில் விசாரித்தேன், 25 சதவீதம் மார்ஜின் பணமும் கமிஷனும் கேட்கிறார்கள். கம்பெனியிலிருந்து இன்னொரு விசாரணை வந்திருக்கிறது, இந்த முறை தண்ணீர் புழங்கும் ஆய்வகத்துக்கான மேசைகள். தளத்தை அளக்க நானும் மாமாவும் வருவோம், போக்குவரத்துச் செலவு உங்களுடையது, டிராயிங்கில் கையெழுத்துப் போடுபவர் பெயரைச் சொல்லுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன். செலவுக்கு ஒத்துக்கொண்டார்கள். பெயர் இன்னும் வரவில்லை.